நாலு கிராம் கிரீஸ்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த போல்ட்டில் கை வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் அது வெளியே வந்தது. இடைப்பட்ட நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. என் தங்கை நோரீன் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒன்றும் காதில் விழாத மாதிரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அறுவடை இயந்திரம் பழுது பார்ப்பவன். இங்கிலாந்தில், நார்ஃபோக் பக்கம் எந்த வயலில் எது நின்றுபோனாலும் ராய்ஸ்டனைக் கூப்பிடு என்பார்கள். அங்கே ஒரு போல்ட் வரவில்லையென்றால் நீளமான ஸ்பேனராக எடுத்து, அதன் மேல் ஏறி நின்றால் போதும். பதினான்கு டன் இரும்பு, அசையாது. போல்ட் சிக்கிய இந்தக் காரிடம் அந்தப் பாச்சா பலிக்காது. மொத்தமே ஐநூற்றுப் பன்னிரண்டு கிலோ. அது ஒரு கார் என்று சொல்லவே எனக்கு வாய் கூசும். கதவு இல்லை, கூரை இல்லை, ஹீட்டர் இல்லை, தரையில் விரிப்பு இல்லை, பக்கத்து இருக்கை இல்லை. நான்கு சக்கரம், ஒரு என்ஜின், நடுவில் அலுமினியத் தகடு. கொசு என்று பெயர்.

பெயர் வைத்தது நெவில். வண்டியும் அவனுடையதுதான். நோரீனின் கணவன். டீரம் கடைத்தெருவில் முப்பது வருஷம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்றே வாழ்ந்தவனுக்கு ஓய்வு பெற்றதும் கிராம் பைத்தியம் பிடித்தது. பெட்டி பெட்டியாக வந்த சாமான்களை வைத்து, அவன் வீட்டுக் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேரும் இந்த வண்டியைச் சேர்த்து உருவாக்கினோம். அப்புறம், எடை குறைந்தால் வேகம் கூடும் என்று, ஒன்பது வருஷமாக அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறோம். கொட்டகைச் சுவர் முழுக்கப் பென்சில் கணக்கு. ஹீட்டர், மூன்று கிலோ நூறு. பக்கத்து இருக்கை, ஆறு கிலோ நானூறு. அடிப்பக்கப் பெயிண்டைச் சுரண்டியது, எழுநூறு கிராம். திருகாணிகளின் மிச்ச நுனியை வெட்டியது, நூற்றுப் பத்து. ஓட்டப் போகும்முன் நெவில் கல்யாண மோதிரத்தைக் கழற்றி நோரீனிடம் கொடுப்பான், ஏழு கிராம். முதல் தடவை அவள் அதற்கு நாலு நாள் பேசவில்லை.

ஸ்னெட்டர்ட்டன் ஓட்டப் பாதையில் கொசுவை ஆறு தடவை இறக்கியிருக்கிறோம். பந்தயம் கிடையாது. பணம் கட்டினால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அவரவர் வண்டியை அவரவர் ஆசை தீர ஓட்டலாம், அவ்வளவுதான். ஆறு தடவையும் மாலை ஐந்தைப் பார்த்ததில்லை. ஒரு தடவை தண்ணீர்க் குழாய், ஒரு தடவை கியர், ஒரு தடவை என்னவென்றே கடைசிவரை தெரியவில்லை. ஆறு தடவையும் டிரெய்லரில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இந்த ஜூன் சனிக்கிழமை ஏழாவது தடவை. ஒரு மாதம் முன்னாலேயே நெவில் சொல்லிவிட்டான்.

"இந்த வாட்டி சாயங்காலம் கொடி காட்டற வரைக்கும் ஓடணும். அப்புறம் தன் கால்லயே வீடு வரணும். டிரெய்லர் எடுத்துட்டுப் போகப்போறதில்ல. நடுவுல நின்னுச்சுன்னா வித்துடறேன். இப்ஸ்விச்லேருந்து ஒருத்தன் ஞாயித்துக்கிழமை பார்க்க வரான்."

"ஓடுச்சுன்னா?"

"ஓடுச்சுன்னா விக்கல. அவனை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

வெளிப்படையாகவே சொல்கிறேன், அந்த வண்டி மேல் எனக்கு ஆசையே கிடையாது. ஆனால் எனக்கு வீட்டில் யாரும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் கிரீஸும் தூசியும். புதன்கிழமை மட்டும் நெவில் கொட்டகை, நோரீனின் டீ, கிராம் கணக்கில் சண்டை. வண்டி போனால் என் புதன்கிழமை போச்சு. அதனால் அந்த சனிக்கிழமை கொசு ஐந்து மணிவரை ஓடியே ஆகவேண்டும் என்பதில் அவனைவிட எனக்குத்தான் வெறி.

புதன்கிழமை போய்ப் பார்த்தால், இடது பின் சக்கரத்தில் ஒரு முனகல். சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பேரிங் போயிருந்தது. சரி, பேரிங் மாற்றுவது அரை மணி வேலை. அதை வெளியே எடுக்க, சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கீழ்ப்பக்க ஆர்மில் போகும் ஒரு நீள போல்ட்டை உருவ வேண்டும். ஒரே ஒரு போல்ட்.

அது நகரவில்லை.

எண்ணெய் அடித்துவிட்டு டீ குடித்தேன். வந்து திருகினேன். நகரவில்லை. கேஸ் டார்ச்சால் சூடு காட்டினேன். நகரவில்லை. நீள ஸ்பேனரில் குழாயைச் செருகித் தொங்கினேன். என்னுடைய நூற்று மூன்று கிலோவுக்கு வண்டிதான் ஸ்டாண்டிலிருந்து எழும்பியது. போல்ட் அப்படியே இருந்தது. கீழே படுத்தபடி அதன் முகத்தை உற்றுப் பார்த்தேன். இரும்பு போல்ட், அலுமினியக் குழல். இரண்டும் எட்டு வருஷமாக ஒன்றோடொன்று ஊறி ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நெவில், இந்த போல்ட்டை மாட்டினது யாரு?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வெயில் அடிக்கும் ஜூன் மாதத்தில் கழுத்துவரை ஸ்வெட்டர். "நான்தான்."

"மாட்டும்போது கிரீஸ் தடவினியா?"

ஸ்வெட்டர் கைகளை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"கிரீஸுக்கும் எடை இருக்கில்ல, மச்சான்."

நான் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினேன். "எவ்வளவு எடை?"

"ஒரு போல்ட்டுக்கு நாலு கிராம். பதினாறு போல்ட். நீயே கணக்குப் போட்டுக்கோ."

"அறுபத்து நாலு கிராமுக்காக என் தாலியை அறுத்துட்டியேடா பாவி."

"சுவத்துல எழுதியிருக்கேன் பாரு" என்றான். உண்மையிலேயே எழுதியிருந்தான். ஹீட்டருக்கு நாலு வரி கீழே, கிரீஸ், அறுபத்து நான்கு. பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி வேறு. அந்த ஆச்சரியக்குறியைப் போட்டவன் நான். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா. அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்திருப்பேன்.

நான்கு மணிக்கு என் பலத்தையெல்லாம் திரட்டி ஒரு இழு இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். வந்துவிட்டது என்று நினைத்து, நிம்மதியாக மூச்சு விட்டேன். வந்தது போல்ட்டின் தலை மட்டும்தான். உடல் உள்ளேயே இருந்தது.

அப்போது நான் அழவில்லை, ஆனால் அழுகிற தூரத்தில்தான் இருந்தேன். நெவில் எட்டிப் பார்த்து, அறுந்த தலையைக் கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் சின்னத் தராசில் வைத்தான். "பதினெட்டு கிராம்" என்றான். ஸ்பேனரால் அவன் மண்டையில் போட்டிருப்பேன்.

வியாழக்கிழமை இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடைக் கையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூன்று மில்லிமீட்டர் இடுக்கில் விட்டு அந்த போல்ட்டை அறுக்க ஆரம்பித்தேன். முன்னால் போக இடமில்லை, பின்னால் வர இடமில்லை. தேய்க்கத்தான் முடியும். ஒரு பிளேடு, இரண்டு பிளேடு, ஐந்து பிளேடு. என் விரல் முட்டிகளில் தோல் போச்சு. மற்ற நாளாக இருந்தால் நெவிலும் பக்கத்தில் படுத்துக்கொண்டு உயிரை வாங்குவான். அன்றைக்கு ஸ்டூலை விட்டு எழவே இல்லை.

"நீயும் கொஞ்சம் வந்து படேன்டா. கை மாத்திக்கலாம்."

"நீயே பண்ணு மச்சான். நீ பண்ணா நல்லா இருக்கும்."

"இதைச் சொல்றதுக்கு வெக்கமா இல்ல?"

"இல்ல" என்றான்.

நோரீன் பேக்கன் வைத்த ரொட்டி கொண்டுவந்தாள். என்னுடையதை இரண்டு வாயில் முடித்தேன். நெவில் தன்னுடையதை என் தட்டில் வைத்தான். "வண்டியில எடுக்கறதுக்கு இனி ஒண்ணும் இல்ல. அதனால ஓட்டறவன்கிட்ட எடுக்கறேன்."

இது ஜனவரியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததுதான். அதற்கும் சுவரில் கணக்கு உண்டு. நெவில், ஜனவரி, மூன்று கிலோ. நெவில், பிப்ரவரி, இரண்டரை. நெவில், மார்ச், இரண்டு. மூன்றையும் எழுதியவன் நான்தான். மார்ச் மாதம் அவன் பெல்ட்டில் புது ஓட்டை போட்டபோது துளைக்கும் மிஷினைப் பிடித்துக்கொண்டவனும் நான்தான். "ஏழரைக் கிலோடா, எந்த மெக்கானிக்காலயும் முடியாதது" என்று முதுகில் தட்டினேன். நோரீன் அப்போது கொட்டகை வாசலில் நின்றாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமையே போனில் சொல்லியிருந்த பேரிங் வியாழன் மதியம் தபாலில் வந்தது. பெட்டியின் மேல் எண் சரியாக இருந்தது. பிரித்தால், உள்ளே வேறு ஏதோ வண்டிக்கான பேரிங். போனில் கேட்டால் அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, "செவ்வாய்க்கிழமை வேற அனுப்பிடறோம் சார்" என்றாள். செவ்வாய்க்கிழமை. எனக்குச் சனிக்கிழமை வேண்டும். கத்தலாம் என்று பார்த்தேன். அவள் குரல் அவ்வளவு கனிவாக இருந்தது, கத்தவும் முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கொட்டகையை மூன்று சுற்றுச் சுற்றி வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, பதினோராவது பிளேடில், போல்ட் அறுந்தது. மிச்சத்தைத் தட்டி வெளியே எடுத்தேன். தரையில் விழுந்த துண்டைக் காலால் எத்தினேன். அதற்குமேல் கோபம் கூட வரவில்லை. போல்ட் வந்தது, போட பேரிங் இல்லை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த அளவு பேரிங்கை எங்கேயோ பார்த்திருக்கிறேன். வேனை எடுத்துக்கொண்டு ஆட்டில்பரோ பக்கத்தில் எனக்குத் தெரிந்த பண்ணைச் சாமான் கடைக்கு ஓடினேன். உருளைக்கிழங்கு தோண்டும் இயந்திரத்தின் ரோலர் பேரிங். உள்விட்டம் சரி, வெளிவிட்டம் சரி, அகலமும் சரி. எடைதான் தொண்ணூறு கிராம் அதிகம்.

இதை நெவிலிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். தொண்ணூறு கிராமுக்கு அவன் ஒரு வாரம் துக்கம் காப்பவன். கொட்டகையில் நுழைந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"உருளைக்கிழங்கு மிஷினோடது. தொண்ணூறு கிராம் கூட. இதுதான் இருக்கு. இல்லைன்னா சனிக்கிழமை கிடையாது."

"போடு" என்றான்.

"தொண்ணூறுடா."

"காதுல விழுந்துது. போடு, மச்சான்."

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. திருந்திவிட்டான் என்று நினைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்குள் பேரிங் உட்கார்ந்தது, புது போல்ட் ஏறியது. அவன் கண் முன்னாலேயே கிரீஸை வழித்து வழித்துப் பூசினேன். அவன் தராசைத் தொடக்கூட இல்லை. சக்கரத்தைச் சுற்றினேன், சத்தமே இல்லாமல் சுற்றியது. மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

இனி ஒரே ஒரு வேலை. கீழ் ஆர்மைக் கழற்றி மாட்டினால் வண்டியின் நிற்பு மாறிவிடும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசு வைத்து, எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று பார்த்து, ஸ்பிரிங்குகளின் அடிவளையத்தைத் திருகிச் சரிக்கட்ட வேண்டும். இவ்வளவு லேசான வண்டியில், ஓட்டுகிற ஆளும் அந்த எடையில் சேர்த்தி. ஆள் உள்ளே இருந்தால்தான் கணக்கு. ஒரு மணி நேரம் ஆடாமல் உட்கார நெவிலுக்குப் பொறுமை கிடையாது. அதனால் ஹெல்மெட், உடுப்பு எல்லாம் சேர்த்து அவனுடைய எண்பத்து நான்கு கிலோவுக்கு மணல் மூட்டை கட்டி, அதைத்தான் உட்கார வைப்போம். அன்றைக்கு மூட்டையைக் காணோம். நோரீன் வசந்த காலத்திலேயே அதைப் பிரித்து ரோஜாச் செடிகளுக்குக் கொட்டிவிட்டாளாம்.

"அப்ப நீயே ஏறி உக்காரு" என்றேன்.

"வேண்டாம். குத்துமதிப்பா வெச்சுடு."

நெவில் வாயிலிருந்து குத்துமதிப்பு என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. "குத்துமதிப்பா? ஒரு வளையம் தப்பினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும், மூணு நாள் உழைச்சிருக்கேன், ஒழுங்கா ஏறு."

"இல்ல ராய். நாளைக்குக் காத்தால பார்த்துக்கலாம்."

"ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு ஏறுடா."

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஏறினான். அந்த இருக்கை அவன் உடம்பை வைத்தே வார்த்தது. ஒன்பது வருஷம் முன்னால் நுரைப்பையின் மேல் அவனை உட்கார வைத்து, அது இறுகும்வரை அசையாதே என்று நான்தான் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் தராசுப் பெட்டிப் பக்கம் குனிந்திருந்ததால், அவன் அதில் எப்படி உட்கார்ந்தான் என்று பார்க்கவில்லை.

நான்கு எண்ணையும் கூட்டினேன். ஐநூற்று எழுபத்தைந்து.

ஐநூற்றுத் தொண்ணூற்றாறு வரவேண்டும். இருபத்தொரு கிலோ குறைவு.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நான் கைதட்டினேன். "நெவில், இருபத்தொண்ணு. இருபத்தொரு கிலோ போயிருக்குடா. ஒன்பது வருஷத்துல நாம எடுத்ததுல பாதி" என்று சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்துச் சுவர்ப்பக்கம் போய்விட்டேன். என்ன எழுதுவது என்று யோசித்தபோதுதான் கை நின்றது. எதிலிருந்து போனது?

தராசு கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். அவனை இறங்கச் சொன்னேன். வெறும் வண்டி, ஐநூற்றுப் பன்னிரண்டு. இருபத்தைந்து கிலோ சிமெண்ட் மூட்டையை ஒவ்வொரு தராசிலும் தூக்கி வைத்தேன். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து. வயரைப் பிடுங்கிச் செருகினேன். தராசைத் திட்டினேன். மறுபடி ஏறு என்றேன். ஏறினான். ஐநூற்று எழுபத்தைந்து.

"இந்தச் சனியன் பிடிச்ச தராசுக்கு இன்னிக்குத்தானா வரணும்" என்றேன்.

"தராசு சரியாத்தான் இருக்கு, ராய்."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்ததால் குரல் சின்னதாகக் கேட்டது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் தோளுக்கும் இருக்கைக்கும் நடுவில் என் கை போகிற இடம் இருந்தது. இடுப்புக்கு இரண்டு பக்கமும் இருந்தது. அவன் உடம்புக்கென்றே வார்த்த இருக்கையில் அவன் வேறு யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா இது?"

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "கணையத்துல கட்டி. மார்ச்சுல சொன்னாங்க. அதனாலதான் அதுக்கப்புறம் சுவத்துல எழுதச் சொல்லல."

"நோரீனுக்கு?"

"தெரியும். நான்தான் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னேன். சனிக்கிழமை வரைக்கும் நீ என்னைத் திட்டிக்கிட்டே இருக்கணும்னு ஆசை."

என்ன மருந்து, எந்த ஆஸ்பத்திரி, லண்டனில் யாரையாவது பார்த்தால் என்ன என்று ஏதேதோ கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான். கடைசியில், "முன்னாடியே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னாங்க" என்றான். "ஜனவரியிலேயே எடை இறங்க ஆரம்பிச்சிடுச்சு. வேற யாரா இருந்தாலும் பயந்து டாக்டர்கிட்ட ஓடியிருப்பான். நான் சந்தோஷப்பட்டேன், மச்சான். மூணு மாசம் சந்தோஷமா இருந்தேன்."

சுவரைப் பார்த்தேன். ஜனவரி, மூன்று. பிப்ரவரி, இரண்டரை. மார்ச், இரண்டு. என் கையெழுத்து.

"நானும்தானேடா" என்றேன்.

"நீயும்தான்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

பிறகு அவனே பேச்சை மாற்றினான். "நேரமாகுது. அறுபத்து மூணுக்கு வை."

வைத்தேன். வேறு என்ன செய்வது? அவன் உள்ளே உட்கார்ந்து எண்களைச் சொல்லச் சொல்ல, நான் முழங்கால் போட்டு வளையங்களைத் திருகினேன். முன் இடது ஒரு சுற்று. பின் வலது அரைச் சுற்று. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததால் வளையம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. முன் இடது இன்னும் கால். போதும். ஒரு மணி நேரத்தில் அவ்வளவு துல்லியமாக அந்த வண்டியை நான் என்றைக்குமே அமைத்ததில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். நெவில் கொசுவை ஓட்டிக்கொண்டு முன்னால் போக, நோரீனும் நானும் வேனில் பின்னால் போனோம். வழியில் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "எதையும் கேக்காத ராய், நான் ரோட்டைப் பார்த்து ஓட்டணும்" என்றாள். மணல் மூட்டையை ஏன் பிரித்தாய் என்று நானும் கேட்கவில்லை.

வண்டி போடும் சத்தத்தை அளக்கும் சோதனையில் கொசு தேறியது. ஓட்டுநர்களுக்கான காலைக் கூட்டத்தில், எல்லாத் தடவையும் போல, இரண்டாவது ஓட்டுநர் என்று என் பெயரையும் கொடுத்து எனக்கும் கையில் பட்டை கட்டிவிட்டான் நெவில். ஆறு தடவை அந்தப் பட்டை கட்டியிருக்கிறேன், ஒரு தடவை கூட ஓட்டியதில்லை. "நீ ஏறினா ஒன்பது வருஷ உழைப்பும் வீண்" என்பான். இருக்கையின் இடைவெளிகளில் நோரீன் இரண்டு துண்டுகளையும் தன் கம்பளிச் சட்டையையும் மடித்துத் திணித்தாள். எவ்வளவு கிராம் என்று அவன் கேட்கவில்லை. மோதிரத்தைக் கழற்றவும் இல்லை. அதுவே விரலிலிருந்து நழுவாதபடி நூல் சுற்றி இறுக்கியிருந்தான்.

முதல் ஓட்டம் ஏழு சுற்று. அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. அந்த வண்டி கோடு கிழித்த மாதிரி போனது. பெரிய பெரிய வண்டிகளெல்லாம் திருப்பங்களில் அவனுக்கு வழி விட்டன. இரண்டாவது ஓட்டம் ஐந்து சுற்று. மூன்றாவது ஓட்டத்தில் இரண்டே சுற்றில் உள்ளே வந்துவிட்டான். ஓடிப்போய் என்னடா, எதில் சத்தம் என்றேன்.

"வண்டி நல்லா இருக்கு" என்றான். "என்னால எழுந்திருக்க முடியல. தூக்கு."

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். நோரீனும் பிடித்தாள். தூக்குவதற்கு ஒன்றுமே இல்லை. மடக்கு நாற்காலியில் உட்கார வைத்துக் கோட்டைப் போர்த்தினோம். மணி பன்னிரண்டு நாற்பது. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. நீ ஓட்டு."

"எனக்கு வண்டி வேண்டாம்டா."

"எனக்கு அஞ்சு மணி வேணும்" என்றான். "ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு ஏறுடா."

துண்டுகளையும் கம்பளியையும் உருவிப்போட்டு ஏறினேன். இருக்கை என்னை இரண்டு பக்கமும் நெரித்தது. பழைய நெவிலின் தோள் அகலம், பழைய நெவிலின் இடுப்பு. அதற்குள் என் தொப்பையை அடக்கிக்கொண்டு போனேன். வண்டி அறுபத்து மூன்று கிலோவுக்கு அமைத்தது, நான் நூற்று மூன்று. வலப்பக்கம் அழுந்தியது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இடது முன் சக்கரம் லேசாகி வழுக்கியது. சரியாக இருக்க வேண்டிய ஆள் உள்ளே இல்லை என்று அந்த வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் என்னிடம் சொன்னது. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். நான்கு சுற்று ஓட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டப் பாதைத் தடுப்புச் சுவரோரம் வரும்போது அவன் நாற்காலியைப் பார்ப்பேன். அவன் கை தூக்குவான். மூன்றரைக்குப் பிறகு தூக்கவில்லை. நோரீன் அவன் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள், அதனால் ஓட்டினேன்.

ஐந்து மணிக்குக் கொடி காட்டினார்கள். ஒன்பது வருஷத்தில் கொசு முதல் தடவையாக அதைப் பார்த்தது. நான் உள்ளே வந்தபோது நெவில் தூங்கிக்கொண்டிருந்தான். நோரீன் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். என்ஜினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் நின்றதும் அவனே கண் விழித்தான்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"ஏதாவது உடைஞ்சுதா?"

"ஒண்ணும் உடையல."

"அப்போ இப்ஸ்விச்காரனுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடு. வண்டியை நீ வெச்சுக்கோ" என்றான். "ஆனா நாப்பது கிலோ குறைக்கணும் நீ."

சிரித்தான். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், வரவில்லை. வண்டியை வீடுவரை ஓட்டவேண்டும், ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே குனிந்தேன். இடது பின் சக்கரம், கீழ் ஆர்ம், புது போல்ட். இறுக்கமாக இருந்தது. மற்ற பதினைந்தையும் பார்த்தேன். சக்கர நட்டுகள், தண்ணீர்க் குழாய், கியர், பிரேக். மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று வந்தேன்.

"என்ன தேடறே?" என்று நாற்காலியிலிருந்து கேட்டான் நெவில்.

"எதாவது கழண்டிருக்கான்னு பார்க்கறேன்."

"இருக்கா?"

"இல்ல" என்றேன். எல்லாம் சரியாக இருந்தது. இறுக்குவதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை.